க்ளினிக்கின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் நோயாளிகளின் படங்களை வெளியிடலாமா?

புதுக்கிளினிக் (கேள்வி):

மூத்த மருத்துவர்களுக்கு வணக்கம். தோல் மருத்துவத்தில் எம்.டி. முடித்து, டெல்டா பகுதியில் ஒரு சிறு நகரத்தில் சொந்தமாக க்ளினிக் நடத்தி வருகிறேன். படர்தாமரைக்கு மருந்துக்கடையில் தாங்களாகவே ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கித் தடவி, நோயை முற்றவிட்டு வருபவர்கள் இங்கே மிக அதிகம். அதனால் அந்தக் களிம்புகளின் தீங்கு பற்றித் தமிழில் சிறு வீடியோக்கள் பேசி இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் வெளியிடுகிறேன்.

இவற்றைப் பார்த்த விளம்பர நிறுவனம் ஒன்று, முகப்பருவுக்கும் வெண்புள்ளிக்கும் சிகிச்சை பெற்றவர்களின் முன், பின் படங்களையும், குணமானவர்கள் நன்றி சொல்லும் வீடியோக்களையும் போட்டால் ஓ.பி. கூட்டம் இரண்டு மடங்காகும் என்கிறது. நோயாளியிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் சிக்கலே இல்லையாம். மருத்துவர்களுக்கென 2023-இல் வந்த நடத்தை விதிகள் நிறுத்திவைக்கப்பட்டதால் இப்போது தடை எதுவும் இல்லை என்று என்னுடன் படித்தவர்களும் கூறுகிறார்கள். இது சரிதானா? கண்களை மறைத்துப் படம் போட்டால் போதுமா? தங்கள் தோலைப் படமெடுத்துத் தனிச்செய்தியில் அனுப்பி மருந்து கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

அறுவைப்பிரிவு:

தம்பி, உங்கள் நண்பர்கள் பாதிச் செய்தியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் நடத்தை விதிகள் 2023 ஆகஸ்ட் 2 அன்று அரசிதழில் வெளியாகி, அதே மாதம் 23 அன்று நிறுத்திவைக்கப்பட்டது உண்மை. ஆனால் அந்த அறிவிப்பே 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளை மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆகவே தடை நீங்கவில்லை. பழைய தடை அப்படியே நிற்கிறது.

2002-இல் இன்ஸ்டாகிராம் இல்லையே என்று சிலர் வாதிடுவார்கள். விதி 6.1-ஐ ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். நோயாளிகளை நேரடியாகவோ மறைமுகமாகவோ அழைப்பது நெறிக்குப் புறம்பானது என்று தொடங்கி, தன் திறமை, தகுதி, சாதனை ஆகியவற்றின்பால் கவனத்தை ஈர்க்கும் விளம்பரம் எந்த வழியில் வந்தாலும் கூடாது என்கிறது. தான் செய்த அறுவைச் சிகிச்சைகளையும் குணப்படுத்திய நோய்களையும் பற்றிப் பெருமையடித்துக்கொள்ளக் கூடாது, பிறர் அவற்றை வெளியிட இடம் கொடுக்கவும் கூடாது என்றும் அதே விதியில் உள்ளது. ‘எந்த வழியிலும்’ என்று எழுதிய பிறகு செய்தித்தாள் வேறு, ரீல்ஸ் வேறு என்று பிரித்துக் காட்ட முடியாது. நன்றி சொல்லும் வீடியோ இந்த வாசகத்துக்குள் நேராக வந்து விழுகிறது.

அதே சமயம், பொதுச் சுகாதாரம் குறித்துத் தன் பெயரில் எழுதுவதையும் வானொலி, தொலைக்காட்சியில் பேசுவதையும் விதி 7.11 அனுமதிக்கிறது. உங்கள் களிம்பு வீடியோக்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. இன்னும் நிறையப் பேசுங்கள், நம் மாவட்டங்களுக்கு அது தேவை. ஆனால் வீடியோவின் முடிவில் ‘எங்கள் க்ளினிக்குக்கு வாருங்கள், இத்தனை சதவீதம் தள்ளுபடி’ என்று ஒரு வரி சேர்ந்தால் அதன் தன்மையே மாறிவிடும். ஒரு க்ரீமின் பெயரைச் சொல்லிப் பரிந்துரைக்க நிறுவனங்கள் பணம் தர முன்வரும். மருந்து நிறுவனங்களுடனான உறவு பற்றி 2009-இல் சேர்க்கப்பட்ட விதி 6.8, எந்த மருந்தையும் பொதுவெளியில் முன்மொழியக் கூடாது என்கிறது. அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

புகார் வந்தால் விசாரிப்பது மாநில மருத்துவக் கவுன்சில். மருத்துவர் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. விளம்பர நிறுவனத்தின் மீது அங்கே யாரும் புகார் கொடுக்கப் போவதில்லை. பதிவு எண் உங்களுடையது.

மகள்_தஞ்சை:

நான் மருத்துவர் அல்ல, ஆனாலும் இந்தக் கேள்விக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அம்மாவுக்குச் சொரியாசிஸ் உண்டு. அவர் சிகிச்சை பெற்ற ஒரு க்ளினிக்கின் முகநூல் பக்கத்தில், கண்கள் மீது கறுப்புப் பட்டை வைத்து அவர் படம் வந்தது. பட்டைக்குக் கீழே அம்மாவின் எட்டுக்கல் பேசரியும், கழுத்தோரத்து மச்சமும் பளிச்சென்று தெரிந்தன. பக்கத்துத் தெருவில் இருப்பவர்களுக்கு அடையாளம் தெரிய அதற்கு மேல் என்ன வேண்டும்? என் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது; பெண் வீட்டாருக்குத் தோல் நோய் உண்டாமே என்று தரகரே வந்து கேட்டார். நாங்கள் போய்ச் சொன்னதும் படத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் அது எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழு வரை வந்துவிட்டிருந்தது.

அம்மா கையெழுத்துப் போட்டிருந்தார் என்பது உண்மைதான். பில் கவுண்டரில் கொடுத்த மூன்று நான்கு தாள்களோடு அதுவும் ஒன்றாக இருந்தது. மறுத்தால் டாக்டர் மனம் வருத்தப்படுவார், அடுத்த முறை முகம் கொடுத்துப் பேசமாட்டார் என்று நினைக்கும் தலைமுறை அது. நோயைக் குணப்படுத்துகிறவர் கேட்கும்போது எத்தனை பேரால் மறுக்க முடியும் என்பதைத் தயவுசெய்து எண்ணிப் பாருங்கள், டாக்டர்.

மனநல_மருத்துவம்:

சகோதரி எழுதியதற்குப் பிறகு, அடையாளம் பற்றிய விதியை நாம் இன்னும் கடுமையாகவே படிக்க வேண்டும். நோயாளியின் அனுமதியின்றி அவரை அடையாளம் காட்டக்கூடிய படத்தையோ நோய் விவரத்தையோ எந்த இதழிலும் வெளியிடக் கூடாது என்று விதி 7.17 கூறுகிறது, அடையாளம் தெரியாதபோது அனுமதி தேவையில்லை என்றும் அதிலேயே இருக்கிறது. பலர் இந்தப் பின்பகுதியைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடுகிறார்கள். முகம் தெரியாவிட்டாலும் பச்சை குத்திய பெயர், தழும்பு, ஊர், தேதி, அரிதான நோய் ஆகியவற்றில் இரண்டு சேர்ந்தாலே ஒரு சிறு நகரத்தில் ஆள் யாரென்று தெரிந்துவிடும். தோல் மருத்துவத்தில் இது இன்னும் கடினம், ஏனெனில் நோயே வெளியில் தெரியும் உறுப்பில் இருக்கிறது.

நிறுத்திவைக்கப்பட்ட 2023 விதிகளின் சமூக ஊடக வழிகாட்டுதல்கள் இன்று நம்மைக் கட்டுப்படுத்தாவிட்டாலும், ஆணையத்தின் மனப்போக்கு அவற்றில் வெளிப்படையாகவே இருக்கிறது. நோயாளிகளின் படங்களையும் ஸ்கேன்களையும் போடக் கூடாது. குணமானவர்களின் படங்களை எந்நிலையிலும் பகிரக் கூடாது. லைக்குகளையும் பின்தொடர்பவர்களையும் விலைக்கு வாங்கக் கூடாது. நாளை புதிய விதிகள் வரும்போது இவை திரும்பி வராது என்று நம்புவதற்குக் காரணமில்லை. என் துறையில் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே, சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் அனுமதியின்றி ஊடகங்களுக்குக் கொடுப்பதைத் தடுக்கிறது.

எனக்கு அதிகக் கவலை தருவது பொதுப் பக்கங்களைவிட, மருத்துவர்கள் மட்டும் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்கள்தான். இரவு பதினொரு மணிக்கு ஒருவர் கருத்துக் கேட்டு எக்ஸ்ரேயை அனுப்புகிறார். படத்தின் மூலையில் பெயர், வயது, மருத்துவமனை எண், தேதி எல்லாம் இருக்கின்றன. குழுவில் இருநூறு பேர். கருத்துக் கேட்பதில் தவறே இல்லை, அந்த மூலையை வெட்டிவிட்டு அனுப்பலாமே.

தனிச்செய்தியில் மருந்து கேட்பவர்கள் பற்றி: 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் வாட்ஸ்அப் வழியாகவும் ஆலோசனை தர இடம் கொடுக்கின்றன. ஆனால் நோயாளியின் பெயரும் வயதும் உங்களுக்குத் தெரிய வேண்டும், உங்கள் பதிவு எண் அவருக்குத் தெரிய வேண்டும், ஆலோசனை பதிவாக வேண்டும். முகம் தெரியாத ஒரு கணக்குக்கு ‘இந்த மாத்திரையைப் போடுங்கள்’ என்று எழுதினால் இவற்றில் ஒன்றும் நிறைவேறாது. நேரிலோ முறையான தொலை ஆலோசனையிலோ வரச் சொல்லி ஒரே மாதிரியான பதிலை எல்லோருக்கும் அனுப்புங்கள்.

புதுக்கிளினிக்:

அனைவருக்கும் நன்றி. மகள்_தஞ்சை அவர்களே, உங்கள் அம்மாவுக்கு நேர்ந்ததை எழுதியதற்குத் தனியாக நன்றி. விளம்பர நிறுவனத்துக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். பாடத்துக்குத் தேவையான இடங்களில் படங்களுக்குப் பதில் வரைபடங்களைப் பயன்படுத்தப் போகிறேன். இன்னும் ஒரே ஒரு ஐயம். கூகுள் பக்கத்தில் ஒருவர், நான் தவறான மருந்து கொடுத்து முகத்தைக் கெடுத்துவிட்டதாக ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதியிருக்கிறார். உண்மையில் அவர் நான் எழுதிய மருந்தை நிறுத்திவிட்டு வேறொன்றைத் தடவியவர். கேஸ் ஷீட் என்னிடம் இருக்கிறது. அதை எடுத்துச் சொல்லலாமா?

அறுவைப்பிரிவு:

சொல்லக் கூடாது, தம்பி. சிகிச்சையின்போது அறிந்த இரகசியத்தை வெளியிட விதி 7.14 மூன்று நிலைகளில்தான் அனுமதிக்கிறது: நீதிபதியின் உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ உள்ள கடும் ஆபத்து, அறிவிக்க வேண்டிய நோய். நம் பெயரைக் காத்துக்கொள்வது அந்தப் பட்டியலில் இல்லை. அவர் உங்களிடம் வந்தார் என்று ஒப்புக்கொள்வதுகூட ஒரு வெளியீடுதான். கோபம் வருவது இயல்பு, ஆனாலும் கீழே உள்ளதை மட்டும் எழுதுங்கள். கேஸ் ஷீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், கவுன்சிலோ நுகர்வோர் ஆணையமோ கேட்டால் அங்கே காட்டலாம்.

‘தங்கள் கருத்தைப் பார்த்தோம். மருத்துவ இரகசியம் கருதி எவருடைய சிகிச்சை பற்றியும் இங்கே பேச இயலாது. க்ளினிக் நேரத்தில் நேரில் வந்தாலோ, தொலைபேசியில் அழைத்தாலோ தங்கள் குறையை முழுமையாகக் கேட்கிறோம்.’