வீட்டில் வாசிக்க விலை குறைந்த கிட்டார் ஆம்ப்: 10 வாட் போதுமா, 25 வாட் வேண்டுமா?

ஆறுதந்தி:
எலக்ட்ரிக் கிட்டார் வாங்கிச் சில மாதங்கள் ஆகின்றன. கிட்டார் ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப் இல்லாததால், பிளக்கைப் பொருத்தும் அடாப்டர் ஒன்றைப் போட்டுக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் செருகி வாசிக்கிறேன். ஒலி மெலிந்து, உயிரில்லாமல் வருகிறது. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலை மிதித்தாலோ தகர டப்பாவுக்குள் குளவி புகுந்ததுபோல் இரைகிறது. கிட்டாரில் கோளாறா, கேபிளில் கோளாறா?

எப்படியும் ஓர் ஆம்ப் வாங்கியாக வேண்டும். குடியிருப்பது அடுக்குமாடி, இரவில்தான் நேரம் கிடைக்கிறது. விடுமுறை நாளில் நண்பர்கள் இருவர் வந்து சேர்ந்துகொள்வார்கள்: ஒருவர் அக்கூஸ்டிக் கிட்டார், மற்றவர் கஹோன் (உட்கார்ந்து தட்டும் பெட்டி மேளம்). கைக்கு எட்டும் விலையில் மூன்று கிடைக்கின்றன: 10 வாட் சின்ன ஆம்ப், பலவகை ஆம்ப்களின் ஒலியை டிஜிட்டலாகப் போலச்செய்யும் 25 வாட் மாடலிங் ஆம்ப், யாரோ பயன்படுத்திய, பழைய பாணி வெற்றிடக் குழாயில் இயங்கும் 5 வாட் வால்வு ஆம்ப். எதை எடுக்கலாம்?

சுருதிசுத்தம்:
முதலில் அந்தக் குளவியைக் கவனிப்போம். கிட்டாரிலும் கேபிளிலும் பழுது இருக்காது என்றே நினைக்கிறேன். தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்கப்பிலிருந்து வருவது மிக நலிந்தது. அதை வாங்கும் கருவியின் உள்ளீட்டு மின்மறுப்பு (உள்ளே வரும் மின்னோட்டத்தைத் தடுக்கும் அளவு) ஏறத்தாழ 10 லட்சம் ஓம் இருந்தால்தான் ஒலி முழுதாக வரும். கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் அது பொதுவாகச் சில பத்தாயிரம் ஓம்தான். ஒலியின் பளபளப்பு அங்கேயே மடிந்துவிடுகிறது. பெடல் போட்டபின் இரைவதற்குக் காரணம் வேறு. கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸ் அளவைத் தாண்டினால் வேகமாக அடங்கிவிடும். டிஸ்டார்ஷனின் கரகரப்பில் காதைக் குத்தும் பகுதி அதற்கும் மேலேதான் இருக்கிறது. பாட்டுக் கேட்பதற்கான ஸ்பீக்கர் எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிடும்.

வாட் கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 10 வாட்டை 20 ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு இருமடங்கு சத்தமாகப் படவேண்டுமென்றால் வாட் பத்து மடங்காக வேண்டும். ஸ்பீக்கரின் அளவைப் பாருங்கள். தடித்த தந்தியை மீட்டினால் எழுவது 82 ஹெர்ட்ஸ். ஆறு அங்குலப் பெட்டி அதைச் சமாளிக்கத் திணறும். எட்டு அங்குலத்தில் ஒலிக்கு ஒரு கனம் தெரியும். ஆரஞ்ச் க்ரஷ் 20, ஃபெண்டர் மஸ்டாங் எல்டி25 ஆகிய ஆம்ப்கள் இரண்டிலும் எட்டு அங்குலம்தான்.

பழையவால்வு:
என்னைக் கேட்டால் வால்வுதான். விரலின் அழுத்தத்துக்கு அது பதில் சொல்லும் விதமே தனி. 5 வாட் என்று இளக்காரமாக நினைக்காதீர்கள், கஹோனோடு சரிக்குச் சரி நிற்கும்.

சுருதிசுத்தம்:
நிற்கும், அதுதான் வம்பு. வால்வின் இனிமை சத்தக் குமிழைப் பாதிக்கு மேல் திருப்பினால்தான் வெளியே வரும். அடுக்குமாடியில் இரவில் அந்த 5 வாட்டே சண்டையை இழுத்துவிடும். பல பழைய வால்வு ஆம்ப்களில் ஹெட்போன் துளையும் கிடையாது. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைத் தூக்கியடிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும், எனவே திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். தனி வீட்டுக்காரர் கேட்டிருந்தால் நானும் உங்கள் கட்சிதான்.

கஹோன்காரன்:
கடைக்குப் போகும்போது உங்கள் கிட்டாரையே எடுத்துச் செல்லுங்கள். அங்கே இருக்கும் உயர்ரகக் கிட்டாரில் எந்த ஆம்பும் நன்றாகத்தான் கேட்கும். விற்பவர் சத்தத்தைக் கூட்டிக் காட்டுவார். நீங்கள் குறைத்துக் கேளுங்கள். குமிழைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல நகர்த்துங்கள். விலை குறைந்த சில ஆம்ப்களில் குமிழ் 1 என்ற எண்ணைத் தொடும்வரை எதுவுமே கேட்காது, மயிரிழை தாண்டியதும் திடுக்கென்று எகிறும். வீட்டில் வாசிக்கும் முழு வாழ்க்கையும் அந்த மயிரிழைக்குள்தான் என்றால் எப்படி? கெயின் (கரகரப்பின் அளவு), மாஸ்டர் (மொத்தச் சத்தம்) என இரண்டு குமிழ்கள் தனித்தனியாக இருப்பது நல்லது. பாஸ் கட்டானா 50 மாதிரி சில ஆம்ப்களில் திறனையே அரை வாட்டுக்கு இறக்கலாம். அது உங்கள் வரம்புக்கு மேலே இருக்கக்கூடும்.

ஹெட்போன் துளை கட்டாயம். பாட்டோடு சேர்ந்து வாசிக்க, போனைக் கம்பியால் இணைக்கும் ஆக்ஸ் உள்ளீடும் வேண்டும். ப்ளூடூத் இருந்தால் பின்னணி இசைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆம்ப் ஒலியை ப்ளூடூத் ஹெட்போனில் கேட்டபடி வாசிக்க முடியாது. மீட்டியபின் தாமதமாகக் காதுக்கு வரும், தாளம் நிற்காது. இதற்குக் கம்பி ஹெட்போன்தான்.

இன்னொன்று, நண்பர்களில் யாராவது பேஸ் கிட்டார் கொண்டுவந்தால் இதில் செருக விடாதீர்கள். சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கர் பழுதாகிவிடக்கூடும்.

ஆறுதந்தி:
மூன்றையும் வாசித்துப் பார்த்துவிட்டேன். 10 வாட் ஆம்பில் நீங்கள் சொன்ன மயிரிழைக் கதை அப்படியே நடந்தது. வால்வு ஆம்ப் உண்மையிலேயே அழகாக ஒலித்தது, மனம் ஊசலாடியது. ஹெட்போன் துளை இல்லாததால் விட்டுவிட்டேன். 25 வாட் மாடலிங் ஆம்பே வீட்டுக்கு வந்துவிட்டது.

இப்போது ஒரு சின்னத் தொல்லை. வாசிக்காமல் இருக்கும்போது 'ம்ம்ம்' என்று முனகுகிறது. நாற்காலியோடு திரும்பினால் குறைகிறது. ஆம்ப் பழுதா?

சுருதிசுத்தம்:
திரும்பினால் குறைகிறது என்றால் ஆம்ப் நிரபராதி. உங்கள் கிட்டாரில் இருப்பவை ஒற்றைச் சுருள் பிக்கப்களா? அவை சுற்றிலும் உள்ள மின்கம்பி, அடாப்டர், வெளிச்சம் குறைக்கும் டிம்மர் எல்லாவற்றிலிருந்தும் முனகலைப் பிடித்துக்கொள்ளும். ஆம்பிலிருந்தும் கம்ப்யூட்டரிலிருந்தும் இரண்டடி தள்ளி உட்காருங்கள். கிட்டாரில் பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நிலை சுவிட்ச் இருந்தால் 2 அல்லது 4-இல் வைத்துப் பாருங்கள். பெரும்பாலான கிட்டார்களில் அங்கே இரண்டு பிக்கப்கள் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருப்பதால் முனகல் ஒன்றையொன்று அழித்துவிடும். கெயினை அளவோடு வையுங்கள்.

கஹோன்காரன்:
ஆம்பைத் தரையில், சுவர் மூலையில் வைக்காதீர்கள். கீழ் ஸ்தாயி ஊதிப்போய்க் கீழ்வீட்டுக் கூரைவழி இறங்கும். ஒரு முக்காலியில் ஏற்றிக் காதை நோக்கிச் சாய்த்துவிடுங்கள். குறைந்த சத்தத்திலேயே தெளிவாகக் கேட்கும்.

ஆறுதந்தி:
சுவிட்சை 4-இல் வைத்ததும் முனகல் நின்றுவிட்டது. முக்காலி தேடிக்கொண்டிருக்கிறேன், மிக்க நன்றி.