9 விமானங்களும் 14 நாள்களும்

ஓடுபாதை:
பழுதான விமானத்துக்குப் பதிலாக இன்னொன்றை எடுப்பதும், வேலைநிறுத்தத்தின்போது வெளிநாட்டு விமானத்தை அதன் பணிக்குழுவோடு குத்தகைக்கு எடுப்பதும் ஒன்றுதான் என்று வானளந்தான் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. 2017 ஜூலையில் பிரிட்டிஷ் ஏர்வேஸில் நடந்ததை அவர் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. ஊதியத்தில் தொடங்கி, முன்பு வேலைநிறுத்தம் செய்தவர்களின் சலுகைகளைப் பறித்ததில் முற்றிய தகராறு அது. 'மிக்ஸ்டு ஃப்ளீட்' பிரிவின் கேபின் ஊழியர்கள் யுனைட் சங்கத்தின் வழியாக 1 முதல் 16ஆம் தேதி வரை வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். நிறுவனமோ கத்தார் ஏர்வேஸிடமிருந்து 9 விமானங்களை வெட் லீஸ் முறையில், அதாவது பணிக்குழு, பராமரிப்பு, காப்பீடு எல்லாவற்றோடும் சேர்த்து எடுத்தது. பிரிட்டன் அரசும் அனுமதித்தது. அன்று அங்கே நடப்பில் இருந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் 1008/2008 ஒழுங்குமுறைப்படி, ஒன்றியத்துக்கு வெளியே பதிவான விமானத்தை இப்படி எடுக்க விதிவிலக்கான தேவை, பருவகாலத் தேவை, இயக்கச் சிக்கல் ஆகியவற்றில் ஒன்றைக் காட்ட வேண்டும். அதே ஆண்டு மார்ச் முதல், வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்புத் தந்தே ஆக வேண்டும் என்பதும் அன்று பிரிட்டனில் சட்டமாக இருந்தது. 14 நாளுக்கு முன்பே தேதி குறித்துச் சொல்லப்பட்ட ஒன்று எப்படி விதிவிலக்கான தேவையாகும்?

வானளந்தான்:
புயல் வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் அது புயல் இல்லை என்று ஆகிவிடுமா? 'எதிர்பாராத' என்ற சொல் அந்த விதியில் இல்லை. அதை நீங்களாகவே சேர்த்துப் படிக்கிறீர்கள். கேபின் ஊழியர் ஒருவரைப் புதிதாகப் பயிற்றுவிக்க 14 நாள் போதாது என்பதால், பயணச்சீட்டு வாங்கியவர்களைக் கொண்டுசேர்க்க ஆயத்தமான பணிக்குழுவோடு விமானத்தை எடுப்பதே நடைமுறைக்கு ஒத்த வழி. விதிவிலக்கான தேவைக்கு ஏழு மாதம் வரை அனுமதி தரலாம், ஒருமுறை நீட்டிக்கவும் செய்யலாம் என்று இடம் தரும் சட்டத்தை வைத்துக்கொண்டு 16 நாள் வேலைநிறுத்தத்துக்கு இத்தனை கோபம் எதற்கு?

ஓடுபாதை:
புயலோடு யாரும் பேச்சுவார்த்தை நடத்த முடியாது, ஊழியர்களோடு நடத்த முடியும். அந்த 14 நாள் சட்டத்தில் இருந்ததே அதற்குத்தான். பேசித் தீர்க்கத் தரப்பட்ட அவகாசத்தை வெளியே விமானம் தேடும் அவகாசமாக மாற்றினால், முன்னறிவிப்பு என்பது தொழிலாளி தன் கழுத்துக்குத் தானே தரும் கயிறாகிவிடுகிறது. இன்னொன்றையும் கேளுங்கள். ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்ஏஎஸ்ஸின் விமானிகள் 2019இல் நடத்திய வேலைநிறுத்தம் பற்றிய வழக்கில், சொந்த ஊழியர்கள் ஊதியம் கேட்டுச் சட்டப்படி நடத்தும் வேலைநிறுத்தம், இழப்பீட்டிலிருந்து நிறுவனத்தை விடுவிக்கும் 'அசாதாரணச் சூழ்நிலை' ஆகாது, அது விமான நிறுவனத்தின் வழக்கமான செயல்பாட்டில் அடங்கியதே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2021 மார்ச்சில் தீர்ப்பளித்தது. பயணிக்கு இழப்பீடு தரும்போது வழக்கமானது, விமானம் எடுக்கும்போது மட்டும் விதிவிலக்கானதா? 14 நாள் கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லை.

வானளந்தான்:
2021 தீர்ப்பைக் கொண்டு 2017 அனுமதியைக் குற்றம்சாட்டுகிறீர்கள். அந்தத் தீர்ப்பு 261/2004 என்ற பயணிகள் உரிமை ஒழுங்குமுறையைப் பற்றியது. நாம் பேசுவது 1008/2008. சட்டமும் வேறு, சொல்லும் வேறு, நோக்கமும் வேறு.

பயணி:
நீங்கள் இருவரும் ஒன்றைக் கவனிக்கவில்லை. 261/2004இன்படி, பயணம் ரத்து என்று 14 நாளுக்கு முன்பே தெரிவித்துவிட்டால் நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதில்லை. எனவே ஓடுபாதை சொல்லும் 14 நாள் நிறுவனத்துக்குத்தான் சாதகம்.

ஓடுபாதை:
அது வேறு 14, ஐயா! நிறுவனம் பயணிக்குத் தரும் அறிவிப்பையும் சங்கம் நிறுவனத்துக்குத் தரும் அறிவிப்பையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள். சங்கம் சரியாக 14 நாளுக்கு முன்பு சொன்னால், அதே நாளில் அத்தனை பயணிகளுக்கும் யார் செய்தி அனுப்பி முடிப்பார்கள்? சட்டத்தைப் பாதி படித்துவிட்டு வருபவர்களுக்குப் பாடம் நடத்துவதிலேயே என் நேரம் போகிறது.

செங்காந்தள்:
வேலைநிறுத்தம் செய்பவர்களுக்குப் பதிலாகத் தற்காலிக ஆள்களை அனுப்பக் கூடாது என்று பிரிட்டனில் ஆளனுப்பும் முகமைகளுக்குத் தடை உண்டு. 2022இல் அரசு அதை நீக்கியபோது, மறு ஆண்டே உயர் நீதிமன்றம் அந்த நீக்கத்தைச் செல்லாததாக்கியது. முகமை ஒரு பணியாளரை அனுப்பினால் குற்றம், விமானத்தோடு பணிக்குழுவையே அனுப்பினால் குத்தகை என்றால் அது என்ன நியாயம்? அண்டை நாடுகள் 2017 ஜூன் 5 அன்று வான்வெளியை மூடியதால் கத்தாரிடம் விமானங்கள் சும்மா நின்றன, அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். வந்து பறந்தவர்களைக் கருங்காலிகள் என்றே சொல்வேன்.

வானளந்தான்:
கத்தாரில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் சங்கம் வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. மறுத்தால் வேலை போகும் நிலையில் இருப்பவர்களைக் கருங்காலி என்று ஏசுவதா உங்கள் தொழிலாளர் பாசம்?

ஓடுபாதை:
இந்த ஒன்றில் எனக்கும் செங்காந்தளோடு உடன்பாடு இல்லை. வெட் லீஸையும் விமானத்தை மட்டும் தரும் ட்ரை லீஸையும் சென்ற மாதம் குழப்பியவர் அவர். நான் திருத்தியதை இன்றுவரை ஏற்கவில்லை. பணிக்குழு மீது எனக்குக் குறை இல்லை. கையெழுத்திட்ட அமைச்சகத்தின் மீதுதான் குறை.

செங்காந்தள்:
அன்று நான் சொன்னது விமானத்தின் பதிவு எந்த நாட்டில் இருக்கும் என்பதைப் பற்றி. அதைப் படிக்காமலே திருத்த வந்தீர்கள். உங்கள் பக்கம் நின்றவரையே தாக்குவது உங்களுக்குப் புதிதல்ல.

வானளந்தான்:
2010 வேலைநிறுத்தத்திலும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பிற நிறுவனங்களின் விமானங்களைப் பணிக்குழுவோடு எடுத்துப் பறக்கவிட்டது. அப்போது உங்கள் 'விதிவிலக்கு' எங்கே போயிற்று?

ஓடுபாதை:
2010இல் எடுத்தவை ஐரோப்பாவுக்குள்ளேயே உரிமம் பெற்ற நிறுவனங்களின் விமானங்கள். அவற்றுக்கு விதிவிலக்கான தேவை எதையும் காட்ட வேண்டியதில்லை. கத்தார் விமானத்துக்குக் காட்ட வேண்டும். ஆகவே மறுபடியும் கேட்கிறேன், புயலை விட்டுவிட்டு நேராகப் பதில் சொல்லுங்கள்: 14 நாளுக்கு முன்பே தெரிந்த வேலைநிறுத்தத்தில் விதிவிலக்கு எங்கே இருக்கிறது?

வானளந்தான்:
சொல்லிவிட்டேன். மேலே போய்ப் படியுங்கள்.

ஓடுபாதை:
படித்தேன். மேலே இருப்பது புயல் மட்டும்தான்.