ஆயிரம் ரூபா வந்த மாதம் அம்மாவின் சம்பளத் துண்டு

நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அம்மா இன்னும் அங்கே வேலை செய்வதால் பெயர் வேண்டாம். நான் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள், இப்போது பாடசாலையில் படிப்பிக்கிறேன். சம்பள உயர்வு என்ற பேச்சு வந்தாலே எனக்கு 2021 ஏப்ரல் மாதத்துச் சம்பளத் துண்டுதான் கண்ணில் நிற்கும்.

நாள் சம்பளம் ஆயிரம் ரூபா கேட்டு எத்தனை ஊர்வலம், எத்தனை சத்தியாக்கிரகம்! 2016 கூட்டு ஒப்பந்தத்தில் 730 என்றார்கள். பிரித்துப் பார்த்தால் அடிப்படைச் சம்பளம் 500தான். மிச்சம் வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, விலைக் கொடுப்பனவு 30. நாள் குறைந்தால் 60 போகும், கிலோ குறைந்தால் 140 போகும். 2019 ஜனவரியில் அடிப்படை 700 ஆனது, கூட ஒரு 50. அப்புறம் 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் தீர்மானம் வர்த்தமானியில் வந்தது. 900 அடிப்படை, 100 கொடுப்பனவு. அன்றைக்கு எங்கள் லயத்தில் பட்டாசு வெடித்தார்கள்.

இரண்டு வாரம் போயிருக்காது. காலைப் பிரட்டில், அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், கங்காணி வந்து சொன்னார், இனி 20 கிலோ எடுத்தால்தான் முழுப் பேர். அதுவரை 16. தோட்டத்துப் பேச்சில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை. சொன்ன கிலோ வராவிட்டால் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம். அம்மா 19 கிலோ எடுத்த நாள்கள் இருக்கின்றன. ஒரு கிலோ குறைந்ததற்கு 500 ரூபா போய்விட்டது. தராசில் சாக்குக்கு என்று கழிப்பார்கள், மழை நாளில் தண்ணீருக்கு என்று இன்னும் கழிப்பார்கள். காலை ஏழரையிலிருந்து அட்டைக்கடியோடு நின்று எடுத்த கொழுந்து கண் முன்னாலேயே இளைத்துப் போகும்.

அந்த ஏப்ரலில் அம்மாவுக்கு 13 முழுப் பேர், 8 அரைப் பேர். கூட்டினால் 17,000. அதற்கு முந்திய சம்பளத்தில் 22 பேருக்கு 750 வீதம் 16,500 வந்திருந்தது. இத்தனை வருடப் போராட்டத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தது 500 ரூபா. அதிலும் சேமலாப நிதி, சந்தா எல்லாம் பிடித்த பிறகு என்ன மிஞ்சும்?

அடுத்த வருடம் விலைவாசி ஏறியதை எல்லாரும் பார்த்தோம். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலை ஒரே வருடத்தில் 94.9 வீதம் கூடியிருந்தது. எங்கள் வீட்டில் அது ரொட்டியில் தெரிந்தது. காலையில் ஆளுக்கு இரண்டு, மலைக்குக் கட்டிக்கொண்டு போக இரண்டு என்று சுட்ட வீடு அது. மலைக்கு ஒன்றாகக் குறைந்தது. அப்புறம் அந்த ஒன்றும் சிறுத்தது. உயர்தரம் படித்த தங்கை பஸ் காசுக்காக வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் நின்றாள். அவ்வளவு விலை ஏறியும் ஆயிரம் ரூபா ஆயிரமாகவே நின்றது, 2024 செப்டம்பர் வரை.

விலை ஏறினால் சம்பளமும் தானாக ஏறவேண்டும். சம்பளத்தை எழுதும் அதே தாளில் கிலோவையும் எழுதவேண்டும். உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்.

பதில் – மஸ்கெலியா பக்கம்

நான் 11 வருடம் தோட்டத்தில் பேர் பதியும் கணக்கப்பிள்ளையாக இருந்தவன். அரைப் பேர் போட்ட கை என்னுடையது, அதனால் எழுதுகிறேன். மேலிருந்து வரும் கணக்கு ஒன்றுதான்: இத்தனை ஆளுக்குச் சம்பளம், இத்தனை கிலோ தூள். சம்பளம் கூடினால் கிலோவைக் கூட்டு, இல்லையென்றால் நாளைக் குறை.

நீங்கள் சொன்ன 2021இல் இன்னொன்றும் நடந்தது. இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் தடை செய்தது. நவம்பரில் தடையை எடுத்தாலும் உரம் கைக்கு வர நாளானது, வந்தபோது விலை கேட்க முடியவில்லை. மலையில் கொழுந்து தளிர்ப்பதே குறைந்தது. 16 கிலோவுக்கே கஷ்டமான மலையில் 20 கேட்டோம். கைவேகத்தில் யாரும் குறை சொல்ல முடியாத அம்மாமார் மத்தியான நிறுவைக்கு ஆறு கிலோவோடு வந்து நிற்பார்கள். செடியில் இல்லாததை எங்கே போய் எடுப்பது? அவர்கள் முகத்தைப் பார்த்து அரைப் பேர் எழுதியது இன்றைக்கும் மனதை அறுக்கிறது. வேலையை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

பதில் – கோயம்புத்தூர்

என் தாத்தா பாட்டி பதுளையில் கொழுந்து எடுத்தவர்கள். மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, கூடலூரில் டான்டீ என்ற தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். நான் இங்கே ஒரு கடையில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். அக்கா கேட்ட 'தானாக ஏறுவது' இங்கே ஓரளவு இருக்கிறது. தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலி என்பது அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்தது. சென்னை விலைக் குறியீட்டெண் ஏறினால் அதற்கேற்ப ஒவ்வொரு ஏப்ரல் 1ஆம் தேதியும் பஞ்சப்படி ஏறும். யாரும் உண்ணாவிரதம் இருக்கத் தேவையில்லை.

ஆனால் அடிப்படைக் கூலியே சின்னதாக இருந்தால் பஞ்சப்படி அதைச் சுமக்காது. 1948 குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஐந்து வருடத்துக்குள் அதைத் திருத்தச் சொன்னது, பல தொழில்களில் அது தள்ளித் தள்ளிப் போனது. கையெழுத்து ஒரு தொகைக்கு, கையில் வேறு தொகை என்கிற பழக்கமும் உண்டு. நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் இரண்டு ரிஜிஸ்டர் இருந்தது. ஏன் என்று கேட்ட அக்காவை மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சட்டம் இருப்பது பெரிய விஷயம்தான். ஆய்வுக்கு ஆள் வந்து தொழிலாளியிடம் தனியாகப் பேசாதவரை அது பாதிதான்.

மீண்டும் நான்

கணக்கப்பிள்ளை ஐயா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உரம் இல்லாத அந்த வருடத்தை அவரும் சொன்னார், தளிர்க்காமல் நின்றுபோன வங்கி இலையாகவே கிடந்ததாம். கோயம்புத்தூர்த் தங்கச்சி, பஞ்சப்படி விஷயம் இதுவரை எனக்குத் தெரியாது. நன்றி.

2024 மே தினத்தில் கொட்டகலையில் 1,700 என்று அறிவித்தார்கள். கம்பெனிகள் நீதிமன்றம் போயின, வர்த்தமானி நின்றுபோனது, கடைசியில் செப்டம்பரில் 1,350 ஆனது. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் 1,550 சம்பளம், வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் 200, மொத்தம் 1,750 என்று வாசித்தார்கள். நான் போனில் செய்தியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். அம்மா அடுப்படியிலிருந்து திரும்பாமலே கேட்டார்:

"கிலோ எத்தனையாம்?"