டிரம்மை வாராவாரம் கவுத்தும் கொசுப்புழு நெளியுது, ஏன்?

கேள்வி:
மதுரைப் பக்கம் வாடகை வீடு. நல்ல தண்ணி நாலு நாளைக்கு ஒருக்காத்தான் வரும், டிரம்முல பிடிச்சு வைக்காம முடியாது. ஐப்பசி மழை ஆரம்பிச்சதும் பக்கத்து வீட்டுப் பிள்ளையை டெங்குன்னு ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்க. நானும் வாராவாரம் டிரம்மைக் கவுத்துட்டுத்தான் பிடிக்கிறேன், ஆனாலும் புழு வந்துடுது. குழாய்த் தண்ணியிலேயே வருதுன்னு அத்தை சாதிக்கிறாங்க.

பதில்:
குழாய்ல வரல தங்கச்சி, டிரம்முலதான் இருக்கு. நான் டிபிசி வேலையில, அதான் கொசுப்புழு தேடுற வேலையில, வீடு வீடா டார்ச் அடிச்சுப் பாத்தவ. டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல, ஈரச் சுவருல ஒட்டி வைக்கும். கசகசாவைவிடப் பொடிசா, கருப்பா இருக்கும். காஞ்சாலும் மாசக்கணக்குல சாகாது, தண்ணி ஏறுனதும் பொரிச்சிரும். கவுத்தா புழுதான் போகும், முட்டை போகாது. பிளீச்சிங் பவுடர் தூவி, நார் வச்சு விளிம்புல இருந்து அழுத்தித் தேய்ங்க, நல்லா அலசுங்க. கழுவுன தண்ணியை வெறும் மண்ணுல ஊத்துங்க. மூடி சரியா உக்காரலைன்னா வேட்டித்துணி போட்டுக் கயித்தால இறுக்கிக் கட்டுங்க.

ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி தட்டைப் பாத்தீங்களா? “எங்க வீட்டுல ஒண்ணும் இருக்காது”ன்னு வாசல்லயே மறிக்கிற வீடுகள்லதான் அதுல நெளியும். மணிபிளான்ட் பாட்டில், மொட்டைமாடியில கிடக்குற ஆட்டுக்கல் எல்லாம் இதே கதைதான். சாக்கடைக் கொசு வேற. ஏடிஸுக்குத் தெளிஞ்ச தண்ணிதான் ரொம்பப் பிடிக்கும்.

பதில்:
எங்க கிணத்துல கொசுப்புழு திங்கிற கம்பூசியா மீன் விட்டிருக்கோம், புழுவே இல்ல. டிரம்முல விட்டா என்னக்கா?

பதில்:
குடிக்கிற தண்ணியில மீனா? கிணத்தோட வச்சுக்கங்க தம்பி.

கேள்வி கேட்டவர்:
ஃபிரிட்ஜ் தட்டை இழுத்தேன். இருந்துச்சு! அத்தைகிட்டக் காட்டினேன், அப்புறம் பேச்சே இல்ல. இனிமே தண்ணி வர்ற அன்னைக்குக் காலையில டிரம் தேய்க்கிறது வீட்டுக்காரர் பொறுப்பு. ராத்திரி கொசுவர்த்தி போட்டா போதுமாக்கா?

பதில்:
இது பகல்ல கடிக்கிற கொசு. விடிஞ்ச கொஞ்ச நேரத்துலயும் பொழுது சாயுறதுக்கு முன்னாடியும் ரொம்பக் கடிக்கும். பிள்ளை மத்தியானம் தூங்கினாலும் வலை கட்டுங்க. யாருக்காச்சும் காய்ச்சல் வந்தா புரூஃபென், ஆஸ்பிரின் வாங்கிப் போடாதீங்க, டாக்டரைப் பாருங்க. காய்ச்சல் விட்டுருச்சேன்னு அசந்துறவும் கூடாது. அந்த ரெண்டு நாள்லதான் வயித்துவலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம்னு ஆரம்பிக்கும். வந்தா உடனே ஜிஎச்சுக்குப் போயிருங்க.