குளிரில் நழுவும் வயலின் பிருடை: இப்போதே சீவலாமா?

வணக்கம். ஜெர்மனியின் லைப்ஸிக்கில் படிக்கிறேன். இசையமைப்பாளர் பாக் பணியாற்றிய தாமஸ் தேவாலயத்து மோட்டெட்டுகளை (பல குரல் பக்திப் பாடல்களை)க் கேட்டுக் கேட்டு ஐரோப்பிய செவ்வியல் இசைமேல் பெரும் பிடிப்பு வந்து, இங்கேயே வயலின் கற்கிறேன்.

பிரச்சினை: டிசம்பரிலிருந்து டி, ஏ தந்திகளை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பிருடைகள் நிற்பதில்லை. ஏ-வை 442 ஹெர்ட்ஸுக்கு ஏற்றி வைத்தால், ஒரு பாடம் முடிவதற்குள் சடக்கென்று அவிழ்ந்துவிடுகிறது. ஜி, ஈ இரண்டும் ஒழுங்காக நிற்கின்றன.

பழைய முழு அளவு வயலின், கருங்காலிப் பிருடைகள், செயற்கை இழைத் தந்திகள். ஹீட்டர் ஓடும் அறையில் ஈரப்பதம் 28 சதவீதம். கோடையில் 55 வரை இருந்தது, அப்போது இந்தத் தொல்லையே இல்லை.

பிருடைப் பசை தடவினேன், பிறகு சாக்பீஸ் தூளும். கடைசிச் சுற்று, பிருடைகள் செருகியிருக்கும் தலைப்பெட்டியின் சுவரை ஒட்டி விழும்படி தந்தியை மாற்றிச் சுற்றினேன். வயலினை வைக்கும் உறைப்பெட்டிக்குள் ஈரப்பதக் குழாய் வைத்ததில் 40 சதவீதம் வந்தது. டி கொஞ்சம் தேவலை, ஏ அப்படியேதான். தந்திகளைத் தாங்கும் குதிரையும் வயலினுக்குள்ளே நிற்கும் குச்சியும் சாயாமலிருக்க ஒவ்வொன்றாகத்தான் கழற்றிப் பார்த்தேன். ஏ பிருடையில் தலைப்பக்கம் மட்டும் பளபளப்பான வளையம், நுனிப்பக்கம் மங்கல். ஒரு சுவரைத்தான் பிடிக்கிறது என்று அர்த்தம். பசையால் இது தீராது, 1:30 சரிவுக்கு (30 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ. குறையும்படி) சீவித்தான் ஆக வேண்டும்.

ஆனால் இந்த வறட்சியில் சீவிப் பொருத்தினால், கோடையில் மரம் ஊதி இறுகிவிடுமோ என்று பயம். இப்போதே பட்டறையில் கொடுக்கலாமா, ஈரப்பதம் 45-ஐத் தாண்டும்வரை காத்திருப்பதா?