40 குதிரைத்திறன் போட் இன்ஜின்: ரீபோர் வேலையை யாரிடம் கொடுப்பது?

கேள்வி (பழையாறு)

வணக்கம். பைபர் போட்டில் 40 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டுகிற இன்ஜின்), பெட்ரோலில் ஓடுவது. இரண்டு சிலிண்டர், போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 80 மில்லிமீட்டர். கொள்ளிடம் முகத்துவாரத்தில் அலை உடைகிற இடத்தைச் சட்டென்று தாண்ட வேண்டும் என்றுதான் இவ்வளவு பெரிய இன்ஜின் போட்டோம். இப்போது அந்த இழுவை போய்விட்டது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்த்ததில் மேல் சிலிண்டர் 115 பி.எஸ்.ஐ., கீழ் சிலிண்டர் 85.

ரீபோர் செய்ய, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட, மூன்று பேரிடம் விசாரித்தேன். துறைமுகத்திலேயே இருக்கும் மெக்கானிக் "கழற்றிப் பார்த்துத்தான் விலை சொல்வேன்" என்கிறார். திருச்சியில் ரேஸ் பைக் இன்ஜின் செய்பவர், போர்ட்டை (சிலிண்டர் சுவரில் புகையும் கலவையும் போய்வரும் துளை) மேலே ஏற்றி வெட்டினால் வேகம் கூடும் என்று போனிலேயே மொத்தத் தொகையைச் சொல்லிவிட்டார். மூன்றாவது ஒரு சர்வீஸ் சென்டர். அங்கே புது பிளாக்கே (சிலிண்டர்கள் உள்ள வார்ப்பு) போடச் சொல்கிறார்கள், அது என் கைக்கு எட்டாது. யாரிடம் கொடுக்கலாம்?

பதில் (காரைக்கால்)

போர்ட் வெட்டுகிற பேச்சை விடுங்கள் தம்பி. பைக் இன்ஜின் ஏறி இறங்கி ஓடும், வளைவில் மூச்சு விடும். போட் இன்ஜினுக்கு அது கிடையாது, தண்ணீர் எப்போதும் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். போர்ட்டை ஏற்றினால் மேல் சுற்றில்தான் சக்தி வரும், கீழ்ச் சுற்றில் இழுவை குறையும். முகத்துவாரத்தில் உங்களுக்கு வேண்டியது கீழ்ச் சுற்று இழுவைதானே?

அப்புறம் ஒன்று. இரண்டு சிலிண்டரும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் வயசு என்று விடலாம். 30 பி.எஸ்.ஐ. வித்தியாசம் என்றால் கீழே தனியாக ஏதோ கோளாறு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் புது பிஸ்டன் போட்டால் அந்தப் பிஸ்டனும் அதே வழியில்தான் போகும். "கீழ் சிலிண்டர் ஏன் போச்சு?" என்று மூன்று பேரிடமும் கேளுங்கள். பதில் தேட முன்வருகிறவர்தான் உங்கள் ஆள். பிளக் இரண்டும் என்ன நிறம்?

கேள்வி கேட்டவர்

மேல் பிளக் பழுப்பு அண்ணே. கீழ் பிளக் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருக்கிறது.

பதில் (காரைக்கால்)

கீழ் சிலிண்டருக்குப் பெட்ரோல் குறைவாகப் போகிறது, இல்லை எங்கிருந்தோ காற்றை இழுக்கிறது. பெட்ரோலோடு சேர்ந்துதான் ஆயிலும் வருகிறது, எனவே பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். பிஸ்டன் காய்ந்து உரசும். கார்புரேட்டர் ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை), ரீட் வால்வு (கலவையை உள்ளே மட்டும் விடும் தகடு), கிராங்க்கின் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) கீழ் ஆயில் சீல், மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பவர்ஹெட்டை (மேலே இருக்கும் இன்ஜின் பாகம்) காலிலிருந்து (தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப் பாகம்) இறக்கி, எல்லா வாயையும் அடைத்துக் காற்றழுத்தம் கொடுத்துச் சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு எங்கே என்று தெரிந்துவிடும். பிளாக்கைப் பிரிக்கும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

பதில் (தஞ்சாவூர்)

லேத் பட்டறையில் போரிங் வேலை பார்க்கிறேன். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பிளாக்கை மட்டும் வைத்துவிட்டு "அரை மில்லி ஓவர்சைஸ் அடித்துவிடுங்கள்", அதாவது பழைய அளவை விட அரை மில்லிமீட்டர் பெரிதாகக் கடையுங்கள் என்று போய்விடுவார்கள். அப்படிச் செய்யவே கூடாது. பிஸ்டனை முதலில் வாங்கிக் கையில் கொடுக்க வேண்டும். மைக்ரோமீட்டரில் பிஸ்டனை அளந்து, கையேட்டில் உள்ள இடைவெளியைக் கூட்டி, அந்த அளவுக்குத்தான் சிலிண்டரைக் கடைய வேண்டும். 0.25 ஓவர்சைஸிலேயே கீறல் போய்விட்டால் 0.50-க்குப் போகாதீர்கள், அடுத்த ரீபோருக்கு இரும்பு மிச்சமிருக்கும்.

போரிங் முடிந்ததும் போர்ட் ஓரமெல்லாம் கத்தி மாதிரி கூர்மையாக நிற்கும். அதைச் சாய்வாக மழுக்க வேண்டும். கார், டிராக்டர் பிளாக் மட்டுமே பார்த்த பட்டறையில் இது தெரியாமல் போகலாம், ஏனென்றால் அந்தச் சிலிண்டர்களில் போர்ட்டே கிடையாது. மழுக்காமல் விட்டால் ரிங் ஓரத்தில் மாட்டி உடையும். வேலை கொடுக்கும் முன் இதைப் பற்றிக் கேளுங்கள், கேட்ட உடனே பதில் வரவேண்டும். கிராங்க்கை வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜில் ஓட்டம் (சுற்றும்போது தண்டு கோணலாக ஆடுகிறதா என்பது) பார்ப்பார்களா என்பதையும் கேளுங்கள்.

பதில் (நாகப்பட்டினம்)

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையேறி நிற்கும், மெக்கானிக்கும் லேத்தும் மூச்சுவிட நேரமில்லாமல் இருப்பார்கள். தடைக்காலம் தொடங்கும் முன்பே முடியுங்கள், அவசர வேலையில் அளவு பார்க்க மாட்டார்கள். பழைய பிஸ்டன், ரிங், சீல் எல்லாவற்றையும் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. துறைமுக மெக்கானிக்கிடமே கொடுத்தேன். காற்றழுத்தம் பார்த்தபோது கீழ் சீல் பக்கம் சோப்பு நுரை கிளம்பியது. கழற்றினால் சீலின் உதடு கருகிக் கெட்டிப்பட்டு ஒரு பக்கம் வெடித்திருக்கிறது. கீழ் பிஸ்டனில் எக்ஸாஸ்ட் பக்கம் விரல் நகம் மாட்டுகிற அளவுக்கு நெட்டுக்குக் கீறல். கிராங்க் நேராக இருக்கிறது.

போரிங் மட்டும் தஞ்சாவூருக்குப் போகிறது, இரண்டு சிலிண்டருக்கும் 0.25, பிஸ்டனோடு சேர்த்து. பட்டறையில் போர் அளவை எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். பூட்டுவதும் பொறுப்பும் துறைமுக மெக்கானிக்குடையது. ஓடவிட்டுக் கம்ப்ரஷன் காட்டிய பிறகுதான் பாக்கிப் பணம், அதற்கு அவரும் சரி என்றார். முதல் பத்து மணி நேரம் 25 லிட்டர் பெட்ரோலுக்கு 1 லிட்டர் ஆயில் கலந்து, முழு ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல் ஓட்டச் சொல்லியிருக்கிறார்.

பதில் (காரைக்கால்)

நல்லது. பவர்ஹெட் இறங்கியிருக்கும்போதே தண்ணீர் பம்ப் இம்பெல்லரையும் (இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீரைத் தள்ளும் சிறு ரப்பர் சக்கரம்) மாற்றிவிடுங்கள். தண்ணீர்ப் பாதையில் உப்பு அடைத்திருந்தால் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள்.