தளம் ஒழுகவில்லை, ஆனால் காரை பெயர்கிறது. என்ன செய்யலாம்?

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. அப்பா 1998இல் கட்டியது. கான்கிரீட் தளம், மேலே தட்டோடு.

போன வாரம் அம்மா குழம்புச் சட்டியை மூடிவிட்டு நகர்ந்தார்கள். அடுத்த நொடி தலைக்கு மேலிருந்து உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து அடுப்பு மேலேயே விழுந்தது. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். உள்ளே கம்பி தெரிகிறது, விரல் பட்டாலே துரு செதில் செதிலாக உதிர்கிறது. கம்பி ஓடும் திசையிலேயே இன்னும் இரண்டு நேர் விரிசல். உப்புக்காற்றில் துருப்பிடித்த கம்பி ஊதி, கான்கிரீட்டைக் கீழே தள்ளுகிறது, அதுவரை புரிகிறது. அந்தக் காலத்தில் கடல் மணல் கலந்தார்களோ என்றும் சந்தேகம். அப்பாவிடம் கேட்கத் தைரியம் இல்லை.

கம்பால் தட்டிப் பார்த்தால் படுக்கையறையிலும் சில இடங்களில் பொத்தென்று காலிச் சத்தம். மாடியில் தட்டோட்டு இடுக்கெல்லாம் பாசி, கைப்பிடிச்சுவர் ஓரம் ஒரு அரசங்கன்று வேறு.

ஒரு கொத்தனார் மேலே வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார். உள்ளே துரு தின்னும்போது மேலே பெயின்ட் அடித்து என்ன பயன்? இன்னொருவர் தளத்தையே உடைக்கச் சொல்கிறார். அதற்குக் கையில் காசு இல்லை.

பாம்பன், கீழக்கரை, தொண்டி பக்கம் இதே வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள். கம்பி எவ்வளவு மெலிந்திருந்தால் புதுக் கம்பி சேர்த்துக் கட்ட வேண்டும்? துருவைச் சுரண்டிப் பூசியது எத்தனை வருஷம் தாங்கியது? ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும். அதுவரை அந்தப் படுக்கையறையில் படுக்கலாமா, அதையும் சொல்லுங்கள்.